முன்னோடிகளின் இடுகாடும் நம் கல்விக் கடமையும்

(பொட்டிப்புரத்தில் நடைபெற்ற வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளி விழா மேடையில் இடுகாட்டைப் பற்றிப் பேச எழுந்து நிற்கின்றேன். அழைப்பிதழைப் பார்த்த உறவினர் ஒருவர், "மாமா, மங்கல நிகழ்ச்சிக்கு வேறு தலைப்பே கிடைக்கவில்லையா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கைநாட்டு வைத்த குடும்பங்களிலிருந்து பட்டதாரிகள் எழுந்திருக்கின்ற நாளில் அவர்களைப் பாராட்டிப் பேசுவதுதான் முறை. பாராட்டுரை வழங்க எனக்குப் பின்னால் பலர் இருக்கின்றனர். எழுதத் தெரிந்துவிட்ட பிள்ளைகள் முதலில் எழுத வேண்டிய பெயர்கள் எவை என்பதைச் சொல்ல இன்று நான் ஒருவன் போதும் என்று கருதி இத்தலைப்பை நானே கேட்டு வாங்கினேன்.

பொட்டிப்புரம் என்றவுடன் வெளியூரார்க்கு நினைவு வருவது நியூட்ரினோ ஆய்வுக்கூடத் திட்டம். மலையைக் குடைந்து நிலவறை அமைப்பது பற்றி நாளேடுகள் ஆண்டுக்கணக்கில் எழுதின. ஆதரித்தோரும் எதிர்த்தோரும் இவ்வூருக்கு வந்து போயினர். அந்த வழக்கை நான் இங்கு எடுக்கப் போவதில்லை. அத்தனை பேர் வந்து போன இந்த மலையடிவாரத்தில் முதன்முதல் முள் வெட்டி, கல் பொறுக்கி, மானாவாரி நிலத்தைத் திருத்திய கைகள் யாருடையவை என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எடுத்துக் காட்ட நம்மிடம் ஏடு ஒன்றும் இல்லை. இருப்பது மண்மேடுகள் மட்டுமே. அவையும் ஒவ்வொரு மழைக்கும் சற்றே தாழ்ந்துகொண்டிருக்கின்றன.

நம் மாவட்டத்திற்குப் பெயர் பொறித்துக் கல் நிறுத்தும் வழக்கம் புதிதன்று. ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். தமிழகத்து நடுகற்களில் மிகப் பழைமையானவை என்று அறிஞர் போற்றும் அக்கற்களுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆநிரைப் பூசலில் இறந்த அந்தவன் என்பவனின் பெயரைத் தமிழி எழுத்தில் தாங்கி நிற்கின்றது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட கல். அதில் ஊர் இருக்கின்றது, ஆள் இருக்கின்றான், இறந்த காரணம் இருக்கின்றது. ஒரு மனிதனைக் காலத்தினின்று காப்பாற்ற மூன்று வரி போதும் என்பதை அக்கல்லைக் காட்டிலும் தெளிவாகச் சொல்ல வல்ல ஆசிரியர் இல்லை.

இனி அதே வரலாற்றில் நமக்கு அண்மையில் உள்ள ஒரு பக்கத்தைப் பாருங்கள். முல்லைப் பெரியாறு அணை 1887-இல் தொடங்கி 1895-இல் முடிந்தது. அவ்வாண்டு அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அதைத் திறந்துவைத்தார். மேற்கே ஓடிய ஆறு மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பியது. கம்பம் பள்ளத்தாக்கில் இருபோக நெல் விளைந்ததும், மதுரைச் சீமை பஞ்சத்தினின்று மீண்டதும் அந்த நீரால்தான். கர்னல் பென்னிகுயிக்கின் பெயரை நம் பள்ளத்தாக்கில் அறியாத குழந்தை இல்லை. அவர் பிறந்த நாளாகிய ஜனவரி 15-இல் பொங்கல் வைக்கின்றனர். 2013-இல் லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் எழுந்தது; 2022-இல் இங்கிலாந்தின் கேம்பர்லி நகரில் தமிழக அரசே சிலை நிறுவியது. அவர் 1911-இல் மறைந்தார். ஃபிரிம்லி ஊர்த் தேவாலயத்தில் உள்ள அவருடைய கல்லறையை நம் பகுதி மக்கள் தேடிச் சென்று வணங்கி வருகின்றனர். நன்றி மறவாமை நல்ல குணம். அதில் ஓர் அணுவும் குறைய வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் அணை வேலை நடந்த ஆண்டுகளில் நோயால் மட்டும் 483 பேர் இறந்தனர் என்று பதிவு இருக்கின்றது. காடு, அட்டை, விடாத மழை, மலைக்காய்ச்சல், வாந்திபேதி. அணைக்குச் சற்று வடக்கே உள்ள இடுகாட்டில் அவர்களைப் புதைத்தார்கள். அவ்விடம் இன்று கேரளத்துப் பெரியாறு புலிகள் காப்பகத்திற்குள் இருப்பதால் அனுமதியின்றி எவரும் செல்ல இயலாது. எண்ணிக்கை தெரிகின்றது, பெயர்களோ நம் தெருக்களில் ஒருவர்க்கும் தெரியவில்லை. அந்தவனுக்குக் கிடைத்த மூன்று வரி, அவனுக்கு இரண்டாயிரம் ஆண்டு பிந்தி வந்த இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அணையின் தொடக்க வேலைகளில், ஆற்றை மறித்துத் தற்காலிக அணை கட்டும் பணியில் ஈடுபட்டோர் கொச்சியிலிருந்து வந்த போர்த்துக்கீசியத் தச்சர்களும், 'மெட்ராஸ் பயனியர்' படையின் 1-ஆம், 4-ஆம் பட்டாளத்தினரும் ஆவர். பயனியர் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு இன்று முன்னோடி என்று பொருள் சொல்கின்றோம். அதன் பழம்பொருள் வேறு. படைக்கு முன்னே கோடரியும் மண்வெட்டியும் ஏந்திச் சென்று, காடு வெட்டி, பாதை போட்டு, பாலம் கட்டும் போர்வீரனுக்கே அப்பெயர். அந்தப் பயனியர் பட்டாளங்களிலும், சென்னைச் சுரங்கப் படையிலும் பறையர் வகுப்பினர் கணிசமாகச் சேர்க்கப்பட்டிருந்தனர் என்பது படை வரலாறு படித்தோர் அறிந்தது. மற்றப் பட்டாளங்களில் நம்மவர்க்குக் கதவு அடைக்கப்பட்ட காலத்திலும் மண்வெட்டி பிடிக்கும் பட்டாளத்தில் இடம் இருந்தது. 1933-இல் அந்தப் படையும் கலைக்கப்பட்டது. முன்னோடி என்னும் சொல்லைப் பிறர் பட்டமாகச் சூடிக்கொள்கின்றனர். நம்மவர்க்கு அது பதவியின் பெயராகவே, சம்பளப் பட்டியலிலேயே இருந்தது.

அணையோடு முடிந்ததா? இல்லை. போடிநாயக்கனூரிலிருந்து மலையேறிய பாதையை நினைத்துப் பாருங்கள். மூணாற்றுத் தேயிலையை டாப் ஸ்டேசன் வரை கொண்டுவரக் குண்டளைப் பள்ளத்தாக்கில் இரயில் ஓடியது; 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அதை அடித்துச் சென்றது. டாப் ஸ்டேசனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவட வழியாகத் தேயிலைப் பெட்டிகள் இறங்கின. பெட்டிகளுக்குக் கம்பிவடம் இருந்தது. ஏறிப் போன ஆட்களுக்குக் கால்கள்தாம் இருந்தன. இன்றும் நம் தெருக்களிலிருந்து விடியற்காலையில் ஜீப்புகளில் நெருக்கி அடைத்துக்கொண்டு ஏலத் தோட்டங்களுக்குப் போகின்ற பெண்கள் அதே மலையைத்தான் ஏறுகின்றனர்.

மூணாறு சென்றோர் பழைய மூணாற்றுக் குன்றின்மேல் உள்ள எலினார் நைட் என்னும் ஆங்கிலப் பெண்மணியின் கல்லறையைப் பார்த்திருக்கலாம். 1894 டிசம்பரில் வாந்திபேதியால் இறந்த இளம் மனைவி. முதலில் அந்தக் கல்லறை. அதன் பிறகே, 1910-இல், அடிவாரத்தில் தேவாலயம் எழுந்தது. அந்தப் பெண்மணிக்காக இரங்காதவர் மனிதர் அல்லர். அதே வாந்திபேதி தொழிலாளர் குடியிருப்புகளையும் விட்டுவைத்திருக்காது. அவர்களைப் புதைத்த சரிவுகளில் இன்று தேயிலைச் செடி நிற்கின்றதா, ஏலச்செடி நிற்கின்றதா என்று சொல்ல ஆளில்லை. 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேர் மாண்டபோது, தெற்கே கயத்தாற்றுப் பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் சென்ற தமிழ்க் குடும்பங்கள் அந்தப் பள்ளத்தாக்கில் எத்தனை காலம் வாழ்ந்தன என்பதை வெளியுலகம் முதன்முறையாக விசாரித்தது. சாவு வந்து சொல்லித்தான் வாழ்வு தெரிய வேண்டியிருந்தது.

ஆங்கிலேயர் தம் இறந்தோரைப் பதிவு செய்ததில் நாம் கற்க வேண்டியது நிறைய இருக்கின்றது. சென்னை மாகாணத்துக் கல்லறைக் கல்வெட்டுகளைத் திரட்டி ஜே. ஜே. காட்டன் தொகுத்த நூலை 1905-இல் அரசே அச்சிட்டது. தெற்காசியாவில் உள்ள ஐரோப்பியக் கல்லறைகளைக் காக்க 1976-இல் இலண்டனில் ஒரு சங்கம் தோன்றி, தொண்டர்களைக் கொண்டே ஊர் ஊராகக் கல்லறைகளைப் படித்துப் பதிவு செய்தது. அவர்களிடம் இருந்தது பணம் மட்டுமன்று. தம் பாட்டன் எங்கே கிடக்கின்றான் என்று கேட்கும் பழக்கமும் இருந்தது.

அந்தப் பழக்கம் நமக்கு இல்லாமல் இல்லை. அது ஏட்டில் இல்லை; ஓர் ஆளிடம் இருந்தது. ஊர் அவரை வெட்டியான் என்று அழைத்தது. நாம் பெரியப்பா என்றும் சித்தப்பா என்றும் அழைத்தோம். எந்தக் குழியின்மேல் எந்தக் குழி, எவர் பக்கத்தில் எவர், எத்தனை ஆண்டு சென்று அவ்விடத்தை மறுபடி தோண்டலாம், எல்லாம் அவர் தலைக்குள் இருந்தன. என் தாயார் 1971-இல், இதே பள்ளத்தாக்கின் வேறோர் ஊரில் காலமானார். குழி வெட்டியவர் எனக்குச் சித்தப்பா முறை. "புளியமரத்திலிருந்து மேற்கே இருபது எட்டு வை, அப்புறம் கரட்டைப் பார்த்து ஏழு எட்டு. உன் ஆத்தா அங்கேதான்" என்று எனக்குக் காட்டினார். ஆண்டுதோறும் அவரையே உடன் அழைத்துச் சென்றேன். நான் படித்தவன், ஆசிரியன். ஆயினும் அந்த இருபது எட்டையும் ஏழு எட்டையும் ஒரு தாளில் குறித்து வைக்கத் தோன்றவில்லை. மனிதர் இருக்கின்றாரே என்னும் நினைப்பு. அவர் மறைந்தார். சில ஆண்டுகள் கழித்து, பாதையை அகலப்படுத்துகின்றோம் என்று ஒருநாள் மண் அள்ளும் இயந்திரம் வந்தது, புளியமரம் போயிற்று. இப்போது நான் பால் ஊற்றுவது குத்துமதிப்பான ஓரிடத்தில். என் தாய்க்கு ஊற்றுகின்றேனா, வேறு எவர் தாய்க்கோ ஊற்றுகின்றேனா என்பது எனக்குத் தெரியாது.

அத்தொழிலைப் போற்ற வேண்டும் என்று நான் சொல்வதாக எவரும் எண்ண வேண்டாம். பிறர் பிணத்திற்குக் குழி வெட்டுவது பிறப்பால் வந்த கடமை என்று நம் தலையில் சுமத்தப்பட்டது. நம் பிள்ளைகளை அதிலிருந்து வெளியே கொண்டுவரத்தான் இத்தகைய கழகங்கள் தோன்றின. வெளியே வந்தும்விட்டனர். வந்தபோது, அந்தப் பெரியவரின் தலைக்குள் இருந்த பேரேடும் மூடப்பட்டது. கல்வி விடுவித்தது, விடுவித்த இடத்தில் ஒரு கடனையும் வைத்துவிட்டது. வாய்வழி இருந்ததை எழுத்துவழி மாற்றும் கடன், எழுத்தறிந்தோர்க்கு உரியதேயன்றி வேறு எவர்க்கும் உரியதன்று. நான் சொல்ல வந்த செய்தி இவ்வளவே. மற்றவை விளக்கம்.

இதற்கு இளைஞரிடமிருந்து ஒரு மறுப்பு எழும் என்பதை அறிவேன், எழவும் வேண்டும். "ஊருக்கு ஒரு மயானம், சேரிக்கு ஒரு மயானம் என்பதே தீண்டாமையின் சின்னம். அதைப் போய்ப் பாதுகாப்பதா?" என்பர். கேள்வியின் முன்பாதி முற்றிலும் சரி. மயானத்தைப் பிறரோடு சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பது, 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திற்கு 2015-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி தண்டனைக்குரிய குற்றம். சாதி வேறுபாடற்ற மயானம் உள்ள சிற்றூர்களுக்குப் 10 இலட்சம் ரூபாய் பரிசு வழங்கும் திட்டத்தையும் தமிழக அரசு 2021-இல் அறிவித்தது. இனிச் சாவோர் அனைவரும் ஒரே மண்ணில் உறங்கட்டும். அதற்கு முதல் கையெழுத்து நான் இடுவேன்.

ஆனால் பொது மயானம் வந்த பிறகு பழைய இடுகாடு என்ன ஆகும்? அங்கே புதைப்பது நின்றுவிடும். புதைப்பது நின்றால் போவோர் வருவோர் குறைவர், முள் அடையும். ஐந்தாறு ஆண்டுகளில் அது பயனற்ற புறம்போக்கு என்று பேசப்படும். முதலில் ஓரத்தில் வேலி நகரும். பிறகு குப்பை விழும். பிறகு ஒரு வரைபடம் வரும். சமத்துவம் வருகின்ற அதே வாசல் வழியாக நம் வரலாறு வெளியேறிவிடக் கூடாது. புதைப்பதற்கு ஒரே இடம் வேண்டும். புதைந்தவர்களின் இடமும் நினைவிடமாக நிற்க வேண்டும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

நியூயார்க் நகரத்தில் 1991-இல் அரசுக் கட்டடம் ஒன்றுக்கு அடித்தளம் தோண்டியபோது, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் பழைய இடுகாடு வெளிப்பட்டது. அந்நகரத்தைத் தம் உழைப்பால் எழுப்பியவர்கள். நகரத்தின் எல்லைக்கு வெளியே புதைக்கப்பட்டவர்கள். (நமக்குப் புரியாத செய்தி இதில் ஒன்றும் இல்லை.) கருப்பின மக்கள் திரண்டு போராடி வேலையை நிறுத்தினர். 419 பேருடைய எலும்புகள் ஆய்வுக்குப் பின் 2003-இல் மரியாதையுடன் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. 2006-இல் அவ்விடம் தேசிய நினைவுச் சின்னமாயிற்று.

அவ்வளவு தொலைவு போவானேன்? பூனாவை அடுத்த கோரேகாவ் தூணில் 1818-ஆம் ஆண்டுப் போரில் மாண்ட மகர் வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பொறித்தவன் வெள்ளைக்காரன், அவன் பொறித்தது தன் வெற்றிக்காக. எனினும் அண்ணல் அம்பேத்கர் 1927 ஜனவரி 1 அன்று அத்தூணின்முன் சென்று நின்றபோது அந்தப் பெயர்களின் பொருளே மாறிப்போயிற்று. கல்லில் பெயர் இல்லாமல் இருந்திருந்தால் எதைப் பற்றிக்கொண்டு நின்றிருப்பார்?

சரி, செய்ய வேண்டியது என்ன? கோபுரம் எழுப்ப வேண்டியதில்லை. கணக்கு எடுக்க வேண்டும்.

முதலில் காகிதம். நம் இடுகாட்டின் புல எண் என்ன, பரப்பு எவ்வளவு, வகைப்பாடு மயானம் என்றே இருக்கின்றதா என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டில் பார்த்து, புல வரைபடத்தின் நகலைப் பெற வேண்டும். கல்லறையை ஒருவன் அழித்தால் நாம் அழலாம். புல எண் கையில் இருந்தால் அழுகையோடு மனுவும் கொடுக்கலாம்.

அடுத்து அளவு. ஒவ்வொரு மேட்டுக்கும் ஓர் எண். அளவைக் கல் ஒன்று, நெடுநாள் நிற்கக்கூடிய மரமோ பாறையோ ஒன்று, இவ்விரண்டிலிருந்தும் நாடா பிடித்து அளந்து குறிக்க வேண்டும். மரம் போனாலும் கல் இருக்கும். கல் போனாலும் புல வரைபடத்தில் அதன் இடம் இருக்கும். கைப்பேசியில் இடக்குறிப்பு எடுக்கலாமே என்று மாணவர் சொல்வர், எடுங்கள். அதை நோட்டிலும் எழுதுங்கள். கைப்பேசி தொலையும்.

பிறகு பெயர். இதுதான் அரிய பகுதி. இதற்குத் தாய்மார்களே ஆசிரியர்கள். நம் கிழவிமார் பாடும் ஒப்பாரியில் இறந்தவர் எந்த ஊரில் பிறந்து எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டார், உடன்பிறந்தார் எத்தனை பேர், எந்த மலைக்குப் போய் எப்படித் திரும்பினார் என்பதெல்லாம் வந்துவிடும். அதைத் துக்கப் பாட்டு என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம். அது வம்சாவளிப் பதிவேடும் ஆகும். ஒரு குடும்பம் எங்கிருந்து இங்கு வந்து குடியேறியது என்று அறிய இன்னொரு வழி குலதெய்வம். சிவராத்திரிக்கு அக்குடும்பம் எந்த ஊர்க் கோயிலுக்குப் புறப்படுகின்றதோ, பெரும்பாலும் அத்திசையிலிருந்தே அவர்கள் முன்னோர் வந்திருப்பர். கிராம முன்சீப்புகள் எழுதிவந்த பழைய பிறப்பு இறப்புப் பதிவேடுகள், பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேடுகள், மலைத் தோட்டங்களின் செக்ரோல் ஏடுகள், இவற்றில் கிடைப்பதைக் கொண்டு கிழவியார் சொன்னதோடு ஒத்துப் பாருங்கள். ஒத்து வராவிட்டால் இரண்டையும் எழுதுங்கள். ஏட்டில் இருப்பதே உண்மை என்று முடிவு கட்டாதீர்கள். நம் பெயர்களை ஏட்டில் எழுதியவர்கள் நம்மை எப்படி எழுதினார்கள் என்பது நமக்குத் தெரியும்.

துப்புரவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஆர்வத்தால் கேடு விளைவதுண்டு. சீமைக்கருவேலை வேரோடு பிடுங்காதீர்கள். வேர் பிடித்துள்ள மேடு உடையும். தரைமட்டத்தில் வெட்டுங்கள், மறுபடி துளிர்த்தால் மறுபடி வெட்டுங்கள். காரைச் சமாதி விரிசல் விட்டிருந்தால் சிமெண்டைப் பூசாதீர்கள். சிமெண்டு ஈரத்தை உள்ளே அடைத்துப் பழைய சுண்ணாம்புக் காரையை உதிர்த்துவிடும். சுண்ணாம்பைச் சுண்ணாம்பாலேயே பூச வேண்டும். எழுத்துள்ள கல்லைக் கம்பித் தூரிகையாலும் அமிலத்தாலும் தேய்க்காதீர்கள். தண்ணீரும் தேங்காய் நாரும் போதும். மங்கிய எழுத்தைப் படிக்க மாலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போங்கள். நண்பகலில் தெரியாத எழுத்து அப்போது எழுந்து நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வண்ணம் அடிக்காதீர்கள். கட்சி வண்ணம், சங்க வண்ணம், எதுவுமே வேண்டாம்.

செத்தோர்க்குச் செய்யும் வேலையை விட்டு உயிரோடிருப்போர்க்குக் குடிதண்ணீர் கேட்கலாமே என்று ஒருவர் என்னிடம் சொன்னார். கேட்போம். குடிதண்ணீருக்கு மனு எழுதும் அதே கைகள்தாம் இதையும் எழுதப் போகின்றன. ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு மணி நேரம் கேட்கின்றேன். வாரம் முழுவதையும் கேட்கவில்லை.

வருகின்ற ஞாயிறு காலை ஆறரை மணிக்குக் கழகக் கட்டடத்தின்முன் கூடுவோம். ஒன்பதாம் வகுப்பும் அதற்கு மேலும் படிப்போர் வரலாம். பெண்பிள்ளைகள் கட்டாயம் வர வேண்டும், ஏனெனில் கிழவிமார் அவர்களிடம்தான் வாய் திறப்பார்கள். நூறடி நாடா கழகத்தில் ஒன்று இருக்கின்றது, இன்னொன்றை நான் வாங்கித் தருகின்றேன். கெட்டி அட்டை நோட்டு ஆளுக்கு ஒன்று. காலுக்குச் செருப்பு போட்டு வாருங்கள், புற்று இருக்கின்றது. முதல் நாளில் கிழக்கு ஓரத்து வரிசையை மட்டும் எடுப்போம். அந்த வரிசையைப் பற்றி முழுதும் அறிந்த பாட்டி ஒருவர் முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றார். அவருக்கு நடக்க முடியாது. நாற்காலியோடு தூக்கிச் செல்ல நான்கு பேர் வேண்டும்.